ஹோபார்ட் ஹேண்ட்லர் 140: வீட்டிலேயே இரும்பு மெயில்பாக்ஸ் செய்ய இது போதுமா?

தாராளமாகப் போதும், இது வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய சின்ன வெல்டிங் மெஷின். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே ஒரு சாலையில். இங்கே தபால்காரர் வாசல் வரை வரமாட்டார், வண்டியில் உட்கார்ந்தபடியே சாலையோரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்டிகள் மெல்லிய தகட்டில் செய்தவை. குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டி ஓரமாகத் தள்ளிவிடும் ஈரப்பனியே அவற்றை நசுக்கிவிடும். பேஸ்பால் மட்டையோடு காரில் வந்து, போகிற போக்கில் பெட்டியை அடித்துவிட்டுப் போகிற பையன்கள் வேறு. அது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு, ஆனாலும் நடக்கிறது. அதனால் 14 கேஜ் (சுமார் 2 மி.மீ. கனம்) தகட்டில் நானே ஒன்று செய்துகொள்வது என்று முடிவு செய்து இந்த மெஷினை வாங்கினேன்.

முதலில் மெஷினைப் பற்றி. வீட்டில் இருக்கும் 120 வோல்ட் பிளக்கிலேயே ஓடும், 25 முதல் 140 ஆம்பியர் வரை தரும். வெல்டில் காற்றுப் படாமல் காக்கும் கியாஸ் சிலிண்டர் இணைத்தும் வேலை செய்யலாம், கியாஸ் இல்லாமல், அதே வேலையைச் செய்யும் பொடி உள்ளே அடைத்த ஃப்ளக்ஸ் கோர் கம்பி போட்டும் செய்யலாம். திறந்த வெளியில் ஃப்ளக்ஸ் கோர்தான் வசதி, காற்றடித்தால் கியாஸ் கலைந்துபோய் வெல்டு ஓட்டை ஓட்டையாகிவிடும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: ஃப்ளக்ஸ் கோருக்கு மாறும்போது உள்ளே இருக்கும் இணைப்பை மாற்றி, டார்ச் (கையில் பிடித்து வெல்டு போடும் பகுதி) பக்கம் நெகட்டிவ் வருகிற மாதிரி வைக்க வேண்டும். எந்தக் கனத்துக்கு எந்த அளவு என்ற அட்டவணை மூடியின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதுதான் பெரிய உதவி, நான் இன்னமும் அதைப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

குறை என்றால், வோல்டேஜுக்கு 5 படிகள்தான், இடைப்பட்ட அளவு கிடையாது. மெல்லிய தகட்டில் ஒரு படி குறைவாகவும் அடுத்தது அதிகமாகவும் தெரியும், கம்பி வெளியே வரும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். அப்புறம் 90 ஆம்பியரில் இதன் டியூட்டி சைக்கிள் 20 சதவீதம், அதாவது பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் வெல்டு, மீதி நேரம் ஓய்வு. கேட் செய்பவருக்கு இது எரிச்சலாக இருக்கும். மெயில்பாக்ஸுக்கு இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் 14 கேஜ் தகட்டில் ஒரே இழுப்பில் நீளமாக வெல்டு போடவே கூடாது, தகடு முறுக்கிக்கொள்ளும். இங்கே ஒரு அங்குலம், எதிர்மூலையில் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, மறுபடி தொடர வேண்டும். பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்தால் தகட்டில் ஓட்டை விழாது. கியாஸும் மெல்லிய கம்பியும் போட்டால் வெல்டு இன்னும் சுத்தமாக வரும். ஃப்ளக்ஸ் கோரில் தெறிப்பும் கசடும் அதிகம், கிரைண்டர் இல்லாமல் ஆகாது.

என் பெட்டி 20 அங்குல நீளம், 8 அகலம், 10 உயரம். 14 கேஜில் சுமார் 19 பவுண்டு வந்தது. அதையே கால் அங்குலத் தகட்டில் செய்தால் 60 பவுண்டைத் தாண்டும். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். இரவில் பனியில் சறுக்கி வரும் ஒரு கார் அதில் மோதினால், அந்தப் பாரம் நேரே கண்ணாடி வழியாக ஓட்டுபவர் முகத்துக்கு வரும். பெட்டி மட்டை அடியைத் தாங்கினால் போதும், காரைத் தாங்க வேண்டியதில்லை. கம்பமும் அப்படித்தான். 4க்கு 4 மரக்கம்பமோ 2 அங்குல விட்டமுள்ள குழாயோ, 24 அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்க அஞ்சல் துறையின் பரிந்துரை. கனமான குழாய், கான்கிரீட் தூண், கான்கிரீட் ஊற்றிய பால் கேன் எல்லாம் ஆபத்து என்று அவர்களே பெயர் சொல்லி எச்சரிக்கிறார்கள். நான் 2 அங்குலக் குழாயைக் கான்கிரீட் இல்லாமல் மண்ணிட்டு இறுக்கி நட்டிருக்கிறேன், வண்டி மோதினால் சாய்ந்துவிடும். ஆனால் பெட்டி கம்பத்தை விட்டுக் கழன்று பறக்கக் கூடாது, அதனால் அடியில் அகலமான தட்டு வைத்து 4 போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறேன். குழி தோண்டும் முன் 811 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் நிலத்தடிக் குழாய், கேபிள் போகிற இடத்தைக் குறித்துக் கொடுப்பார்கள்.

கல்வனைஸ் (துத்தநாகம் பூசிய) குழாய் வாங்கினால் வெல்டு போடும் இடத்தில் துத்தநாகத்தை முழுக்கத் தேய்த்து எடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரும். அதைவிட வெறும் இரும்புக் குழாய் வாங்கி, துத்தநாக ப்ரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடிப்பது நிம்மதி. கதவுக்கு மேல் முன்பக்கம் தகட்டை ஓர் அங்குலம் நீட்டிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போகாது, தண்ணீர் வடிய பெட்டியின் அடித்தகட்டில் இரண்டு மூன்று சிறு துளைகளும் வேண்டும்.

சொந்தமாகச் செய்த பெட்டி என்றால் உள்ளூர் போஸ்ட்மாஸ்டரிடம் வரைபடத்தையோ பெட்டியையோ காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். எங்கள் போஸ்ட்மாஸ்டர் அம்மா கதவை ஒற்றைக் கையால் திறந்து மூடிப் பார்த்தார், அனுப்ப வேண்டிய தபால் உள்ளே இருப்பதைக் காட்டும் கொடி வலப்பக்கம் இருக்கிறதா, வீட்டு எண் 1 அங்குல உயரம் இருக்கிறதா என்று பார்த்தார், சரி என்றார். பெட்டியின் அடிப்பாகம் சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குலத்துக்குள், கதவு சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். பூட்டு வைக்க ஆசைப்பட்டால் தபால் போடும் வாய் குறைந்தது 1.75 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் வேண்டும், தபால்காரர் உங்கள் சாவியை வாங்கிக்கொள்ள மாட்டார்.

ஒரு மெயில்பாக்ஸுக்காக மட்டும் இந்த மெஷினை வாங்குவது கட்டுப்படியாகாது. அதற்குத் தெரிந்தவரிடம் மெஷின் இருந்தால் கேட்டு வாங்குங்கள், இல்லை வாடகைக்கு எடுங்கள். தோட்டத்து வேலி, தள்ளுவண்டி, மாடிப்படிக் கைப்பிடி என்று அடுத்தடுத்த வேலைகள் மனதில் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம், என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. கூடவே நல்ல ஹெல்மெட்டும் தோல் கையுறையும் வாங்கிவிடுங்கள், அந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள்.