3½ இன்ச் மாடல் 27: பெரிய உடம்பு, குட்டைக் குழல், கொழுத்த விலை

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் மாடல் 27 ரிவால்வர், 3½ இன்ச் குழல். வாங்கலாமா வேண்டாமா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: குறி பார்த்துச் சுடுவதுதான் நோக்கமென்றால் வேண்டாம், அதே கம்பெனியின் மாடல் 28-ஐ 4 இன்ச்சில் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் சாமான் அதேதான், வெளியே பளபளப்பு இருக்காது, மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கலாம். சேகரிப்புக்கென்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தை நீட்டிவிடாதீர்கள், இந்த வகையில் தில்லுமுல்லு அதிகம்.

என்னிடம் இருப்பது 27-2, சீரியல் எண் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குகிறது, அதாவது அறுபதுகளில் செய்தது. இங்கே அமெரிக்காவில் உரிமம் உள்ள கடை வழியாக, படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் முடித்து வாங்கினேன்.

முதலில் இதன் உருவத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி மயக்கம் அங்கேதான். இந்த ஃபிரேம், கம்பெனி ‘என்-ஃபிரேம்’ என்று அழைக்கும் பெரிய ஃபிரேம், 1908-ல் .44 தோட்டாவுக்காக வந்தது (இந்த எண்கள் தோட்டாவின் பருமனைச் சொல்பவை). அதற்குள் மாடல் 27-ன் சிறிய .357 தோட்டாவை வைத்தால், தோட்டா போடும் சிலிண்டரில் துளைகளுக்கு இடையே இரும்பு தாராளமாக இருக்கும். இப்படிப்பட்ட உடம்பில் 6 இன்ச், 8 இன்ச் குழல் வைத்தால் பொருத்தமாக இருக்கும், வேட்டைக்குப் போகலாம். அதை 3½ இன்ச்சில் நிறுத்தினால் பயில்வான் அரைக்கைச் சட்டை போட்டது மாதிரி ஒரு தோற்றம். எடை முழுக்க சிலிண்டரிலும் கைப்பிடியிலும் உட்கார்ந்துவிடுவதால் கையில் எடுத்தவுடன் முன்பக்கம் தொங்காது. ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும், ஆனால் தூக்கும்போது அவ்வளவு தெரிவதில்லை.

இன்னொன்று, இந்த நீளம் ஏனோதானோவென்று வெட்டியதல்ல. குழலுக்கு அடியில் காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் தண்டு இருக்கிறதே, அது முழு நீளத்தில் வைக்க 3½ இன்ச் போதும். 2 இன்ச் குழல் வைத்த சின்ன ரிவால்வர்களில் அந்தத் தண்டு குட்டையாக இருப்பதால் வெந்து வீங்கிய உறைகள் பாதி வெளியே வந்து அங்கேயே நிற்கும், நகத்தால் பிடித்து இழுக்க வேண்டும். இதில் உள்ளங்கையால் ஒரு தட்டு, ஆறும் கீழே.

இப்போது மேல்பக்கத்தைப் பாருங்கள். முன் குறிமுனையிலிருந்து பின் குறிமுனை வரை, குழலின் மேல் பட்டையிலும் ஃபிரேமின் மேல் பட்டையிலும், பொடிப்பொடியாகக் குறுக்குக்கோடுகள் செதுக்கியிருப்பார்கள். வெயில் பட்டு கண் கூசாமல் இருக்க என்பது காரணம். நகத்தை அதன் மேல் இழுத்தால் நரநரவென்று ஒரு சத்தம் வரும். குழலில் முடிந்த கோடு ஃபிரேமில் அதே இடத்தில் மறுபடி தொடங்குகிறது. குழலைத் திருகி முறுக்கிய பிறகும் இரண்டும் நேராக நிற்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், விலகல் தெரியவில்லை. அந்தப் பட்டைக்குக் கீழே பக்கவாட்டில் கண்ணாடி போல மெருகேற்றிய கருநீலம். ஒரே துண்டில் கூசாத மேல்பக்கமும் முகம் தெரியும் பக்கவாட்டும். மாடல் 28-ல் இந்தச் செதுக்கலும் இல்லை, மெருகும் இல்லை, 1954-ல் போலீஸ்காரர்களுக்காக மலிவாக வந்த ரகம் அது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த வேலைக்குத்தான், சுடும் திறனுக்கல்ல. நீளக் குழலிலும் இதே வேலைதான் இருக்கிறது, ஆனால் குட்டைக் குழலில் எல்லாம் ஒரு பிடிக்குள் நெருங்கிவிடுவதால் கண் அதிலேயே நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ரகத்தின் ஈர்ப்பே இதுதான், மற்றதெல்லாம் கதை.

கதையும் நல்ல கதைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பதுகளின் தொடக்கத்தில் கொள்ளைக்கூட்டங்கள் காரில் வந்து காரில் போன காலம். போலீஸ் கையில் இருந்த சாதாரண .38 காரின் தகட்டைத் துளைக்கத் திணறியது. 1930-ல் இதே பெரிய ஃபிரேமில் .38-க்குக் கூடுதல் வெடிமருந்து தாங்கும் ஒரு ரிவால்வர் வந்தது, பிறகு 1935-ல் .357 மேக்னம். முதல் துப்பாக்கி எஃப்பிஐ தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. பெருமந்தம் நடந்துகொண்டிருந்த நாட்டில் விலை 60 டாலர்! ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைத்தது ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கும் துப்பாக்கி. குழல் நீளத்தை 3½-லிருந்து 8¾ இன்ச் வரை கால் இன்ச் கணக்கில் நீங்களே சொல்லலாம், குறிமுனை எது, கைப்பிடி எது, எந்தத் தூரத்துக்குக் குறி சரிபார்க்க வேண்டும், எல்லாம் உங்கள் இஷ்டம். பதிவு எண் அடித்து, சான்றிதழும் கொடுத்தார்கள். அதனால்தான் சேகரிப்பாளர்கள் ‘ரெஜிஸ்டர்டு மேக்னம்’ என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். சுமார் 5,500-தான் செய்தார்கள், 1939-ல் பதிவுமுறையை நிறுத்திவிட்டார்கள்.

அப்படி ஆர்டர் கொடுத்தவர்களில் கோட்டுக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு போகிற ஆட்கள், துப்பறிவாளர்களும் எஃப்பிஐ ஏஜென்டுகளும், கேட்டது 3½ இன்ச். இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற அமெரிக்க ஜெனரல் ஜார்ஜ் பேட்டன் 1935-ல் வாங்கியதும் அதுவே. தந்தக் கைப்பிடி போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் படங்களால் இந்த நீளத்துக்கு ஒரு மவுசு வந்துவிட்டது, ஏலங்களில் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விலையை ஏற்றுகிறார்கள். போருக்குப் பிறகு மறுபடி உற்பத்தி தொடங்கியபோது ஆர்டர் முறை போய்விட்டது, விசைப் பொறியும் மாறியது. 1957-ல் மாடல் எண்கள் வந்தபோது இதற்கு 27 என்று பெயர் விழுந்தது.

போட்டிக் கம்பெனியான கோல்ட் பக்கம் இதற்குச் சமமாகச் சொல்ல வேண்டியது ‘ஃபிட்ஸ் ஸ்பெஷல்’. ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு என்று கோல்ட்டில் வேலை பார்த்த ஒருவர், நியூ சர்வீஸ் என்ற அவர்களுடைய மாபெரும் ரிவால்வரை எடுத்து, குழலை 2 இன்ச்சாக வெட்டி, ஹேமரின், அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலின், கொம்பை அறுத்து, விசைக் காப்பு வளையத்தின் முன்பக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, .45 கோல்ட் தோட்டாவில் இரண்டைச் செய்து கால்சட்டையின் முன் பைகளில் பைக்கொன்றாகப் போட்டுக்கொண்டு நடந்தார். வளையம் திறந்த துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அது அவர் பாடு. பிரச்சினை என்னவென்றால் ரம்பமும் அரமும் உள்ள எவனும் இதைச் செய்துவிடலாம். கோல்ட் கம்பெனியின் ஆவணக் கடிதம் இல்லாமல் ‘ஃபிட்ஸ்’ என்று யாராவது காட்டினால் அது வெட்டிய பழைய நியூ சர்வீஸ் மட்டுமே என்று வைத்துக்கொண்டு, அதற்குரிய விலையைச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சுடுவது எப்படி இருக்கிறது? .357 துப்பாக்கியில் சக்தி குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம், அதைப் போட்டால் சுகம். பெரிய உடம்பு உதைப்பை விழுங்கிவிடும், பிள்ளைகள் விளையாட்டு. முழு மருந்து .357 போட்டால் கதை வேறு. உதைப்பு தாங்கக்கூடியதுதான், ஆனால் குட்டைக் குழலில் மருந்து முழுதும் எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது, மிச்சம் வாசலில் எரிகிறது. உள்ளரங்கு சுடுதளத்தில் பக்கத்துத் தடத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். 1935-ல் விளம்பரப்படுத்திய வினாடிக்கு 1,515 அடி வேகம் 8¾ இன்ச் குழலில் கிடைத்தது, இதில் அதை எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், .357 உறை .38-ஐவிட 3 மில்லிமீட்டர் சொச்சம் நீளம். நிறைய .38 சுட்டுவிட்டு அப்படியே .357 போடப் போனால் துளைக்குள் படிந்த கரி வளையம் தடுக்கும். இடையில் ஒரு தடவை பிரஷ் போட்டுவிடுங்கள்.

குறை என்று சொன்னால் பழைய மரக் கைப்பிடியைத்தான் சொல்வேன். மேக்னா என்கிற அந்த மெல்லிய கைப்பிடி பார்ப்பதற்கு அவ்வளவு அழகு, ஆனால் விசைக் காப்பு வளையத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் விடுகிறது. ஒவ்வொரு முழு மருந்துக்கும் வளையம் பின்னால் வந்து நடுவிரல் முட்டியில் இடிக்கும். ஒரு பெட்டி தோட்டா முடிவதற்குள் விரல் சிவந்துவிடுகிறது. டைலர் டி-கிரிப் என்று ஒரு சின்ன உலோக நிரப்பி கிடைக்கிறது, அதைப் போட்டால் சரி. தொழிற்சாலை மரத்தை மட்டும் அரத்தால் ராவிச் சரிசெய்யாதீர்கள், அந்த மரத்துக்கே தனி விலை. திருகாணியைச் சுற்றி வைர வடிவம் விட்டுச் செதுக்கியிருந்தால் அது 1968-க்கு முந்தையது, இன்னும் விலை.

விசை இழுப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துவிட்டுச் சுட்டால் கண்ணாடிக் குச்சி முறிவது போலத் துல்லியமாக விடுகிறது, நேரடியாக இழுத்தால் நீளமான ஆனால் சிக்கில்லாத இழுப்பு. போருக்கு முந்தையதன் நீண்ட ஹேமர் ஓட்டம் இன்னும் வழவழப்பு என்பவர்கள் உண்டு. ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்ததில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. ஹேமரும் விசையும் கருநீலமாக இருக்கக் கூடாது. தொழிற்சாலையில் அவற்றுக்கு வேறு சூடேற்று வேலை, எண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரியும் நிறங்கள் மாதிரி பழுப்பும் சாம்பலும் நீலமும் கலந்து இருக்கும். முழுத் துப்பாக்கியும் ஒரே நீலமாக இருந்தால் யாரோ மறுபடி தோய்த்திருக்கிறார்கள். ஒரு வியாபாரி ‘ஒரிஜினல் பூச்சு’ என்று எழுதி எனக்கு அனுப்பிய படங்களில் விசை கன்னங்கரேலென்று இருந்தது. கேட்டதற்கு ‘அந்த வருடம் அப்படித்தான் வந்தது’ என்றார். திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம் போல வளைந்திருக்கிறதா, அடித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், மெருகேற்றும் பஃபிங் சக்கரம் பட்ட அடையாளம் அங்கே தப்பாமல் தெரியும். சிலிண்டரைத் திறந்து பார்த்தால் ஃபிரேமின் உள்வெட்டில் மாடல் எண் இருக்கும்; 27-1, 27-2 என்ற கோடு எண்தான் காலத்தைச் சொல்லும். ஹேமரை மெதுவாகப் பின்னிழுத்து ஆறு துளையும் ஹேமர் முழுதும் ஏறுவதற்குள் பூட்டிக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும் சினிமாவில் செய்வது போல மணிக்கட்டை வீசி சிலிண்டரை மூடாதீர்கள், அது சிலிண்டரைத் தாங்கும் அச்சுக்கையை வளைத்துவிடும், கடைக்காரர் உங்களை வெளியே அனுப்பினாலும் நான் அவர் பக்கம்தான்.

குழல் வெட்டியதா என்ற சந்தேகத்துக்கு ஒரே மருந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையின் கடிதம். சீரியல் எண்ணைக் கொடுத்தால் ஏட்டைப் பார்த்து எந்தத் தேதியில், எந்தக் குழல் நீளத்தில், எந்தப் பூச்சில், யாருக்கு அனுப்பினார்கள் என்று எழுதித் தருவார்கள். ரெஜிஸ்டர்டு மேக்னம் என்றால் கடிதம் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

‘பின்டு அண்ட் ரீசெஸ்டு’ என்று விற்பவர்கள் மந்திரம் போலச் சொல்வார்கள். குழலை ஒரு குறுக்கு ஆணியால் பிடித்து, தோட்டாவின் அடிவிளிம்பு சிலிண்டருக்குள் மறைய இடம் வெட்டிய பழைய முறை அது, 1982 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, செலவு பிடிக்கும் வேலை, அவ்வளவுதான், அது இல்லாததால் எந்தத் துப்பாக்கியும் கெட்டுப்போகவில்லை. 2001-க்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் பக்கத்தில் சாவி போடும் பூட்டுத் துளை இருக்கும், இயங்குவதில் எனக்குப் புகார் இல்லை, ஆனால் சேகரிப்பாளர் யாரும் அதைப் பார்த்துப் பர்ஸைத் திறக்க மாட்டார்.

3½ இன்ச் 27 கைக்கு எட்டாத விலையில் இருந்தால் 1983-ல் லூ ஹார்ட்டன் என்ற மொத்த வியாபாரி ஆர்டர் கொடுத்துச் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 24-3-ஐத் தேடுங்கள். 3 இன்ச் குழல், .44 ஸ்பெஷல், வளைவான கைப்பிடி, அதே பெரிய ஃபிரேம். பேட்டன் கதை அதற்கு இல்லை என்பதால் விலை பேச இன்னும் இடமிருக்கிறது, இடுப்பிலும் நன்றாக உட்காரும். தோட்டா விலைதான் கடிக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். 50 வயது தாண்டிய துப்பாக்கிகளை அமெரிக்கச் சட்டம் பழம்பொருள் கணக்கில் வைக்கிறது, அதற்கென்று சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு, மூன்று வருடத்துக்கு 30 டாலர். அது இருந்தால் இப்படிப்பட்ட துப்பாக்கி வேறு மாநிலத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கே வரலாம், உங்கள் மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால். ‘எஸ்’ எண் 27-2 எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டியவை. வந்த பிறகு தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், தோலில் உள்ள ஈரமும் பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து அந்தக் கருநீலத்தைப் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும். லேசாக எண்ணெய் தடவிய துணியில் சுற்றி இரும்புப் பெட்டகத்தில் வையுங்கள், பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று. அட்டைப்பெட்டி, துடைக்கும் கம்பி, காகிதங்கள் கூட வந்திருந்தால் அவற்றையும் எறிந்துவிடாதீர்கள், விற்கும் நாளில் பெட்டிக்கே தனியாகப் பேரம் நடக்கும்.