பழைய டீசல் பிக்கப்: ஹைலக்ஸா, டி-மேக்ஸா, ரேஞ்சரா?

வேலைக்கென்று பழைய டீசல் பிக்கப் தேடுகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: 2005 முதல் 2015 வரை வந்த டொயோட்டா ஹைலக்ஸ் 3.0, 2012 வாக்கில் வந்த தலைமுறை இசுசு டி-மேக்ஸ் 3.0, 2011-இல் அறிமுகமான ஃபோர்டு ரேஞ்சர் 3.2. மூன்றும் ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய ஏணிச் சேசிஸ் வண்டிகள். மூன்றும் சுமார் ஒரு டன் சுமக்கும். பழுதும் மூன்றுக்கும் வரும். அந்தப் பழுது முன்கூட்டியே அறிகுறி காட்டுமா, இல்லை ஒரே நாளில் இன்ஜினைப் படுக்கவைத்துவிடுமா என்பதை வைத்துத்தான் தேர்வு செய்யவேண்டும்.

இழுவையில் ரேஞ்சர்தான் முன்னால் நிற்கிறது. ஐந்து சிலிண்டர், 470 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆரம்ப வருட டி-மேக்ஸுக்கு 380, ஹைலக்ஸுக்கு 343. கனமான டிரெய்லர் கட்டி மேடேறுகிறவருக்கு இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். பின்னாலுள்ள தொட்டியில் சரக்கேற்றிப் போய்வருகிறவருக்கு 343-ம் போதும்.

ஹைலக்ஸின் பெயருக்கே சந்தையில் தனி விலை உண்டு. சேசிஸ், ஆக்சில், கியர்பாக்ஸ் எல்லாம் அந்த விலைக்குத் தகுந்தவைதான். ஆனால் அதன் 1கேடி இன்ஜினில் ஒரு இடம் வலுவில்லாதது: டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் உட்காரும் செப்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த வாயு வால்வு கவருக்குள் புகுந்து ஆயிலில் கரியைக் கலக்கும். கரி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கி, ஆயில் உறிஞ்சும் குழாய் முனையிலுள்ள சல்லடையில் படியும். சல்லடை அடைபட அடைபட ஆயில் பிரஷர் இறங்கும். கடைசியில் பேரிங் போகும். வாஷரின் விலை அற்பம், அதை மாற்றாததால் போவது முழு இன்ஜின்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் விளக்கு எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பாருங்கள். உடனே அணையவேண்டும். இரண்டு மூன்று நொடி இழுத்தால் சல்லடையைச் சந்தேகிக்கலாம். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயிலின் மேலேயே வையுங்கள். ஐடிலிங்கில் மூடி லேசாக நடுங்கினால் கவலையில்லை. துள்ளி விழுந்தால், அல்லது ‘புஸ் புஸ்’ என்று விட்டுவிட்டு வாயு வந்தால், வாஷர் கசிகிறது அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் தார் போலக் கெட்டியாகக் கரி ஒட்டியிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. இன்ஜெக்டர் வாஷர் மாற்றிய பில்லையும், சம்பைக் கழற்றிச் சல்லடை பார்த்த பில்லையும் கேட்டு வாங்குங்கள். இந்த இன்ஜினில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கவைப்பது டைமிங் பெல்ட். பொதுவாக 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றியதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்துப் பேரம் பேசுங்கள்.

டி-மேக்ஸின் 4ஜேஜே1 இன்ஜினில் பெல்ட் கிடையாது, டைமிங் செயின். இசுசுவின் சிறு லாரிகளிலும் இதே இன்ஜின் ஓடுகிறது. சுமைக்கென்றே வார்த்த இரும்பு. கேபினுக்குள் சத்தம் அதிகம், சவாரியும் கரடுமுரடு. அடிக்கடி தொல்லை தருவது டீசல் பம்பின் மேலிருந்து அதற்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்ஷன் கன்ட்ரோல் வால்வு. அது ஒட்டிக்கொண்டால் ஐடிலிங் ஏறி இறங்கும், சூடான வண்டி சிக்னலில் திடீரென்று அணையும். முதலில் டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்க்கவேண்டும். தீராவிட்டால் வால்வை மட்டும் தனியாக மாற்றலாம். பம்பே போய்விட்டது என்று சொல்லிப் புதுப் பம்பைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு, எச்சரிக்கை. இந்த அறிகுறியோடு ஒரு டி-மேக்ஸ் வந்தால் விலை குறைத்துக் கேட்க நல்ல வாய்ப்பு.

ரேஞ்சரில் பயப்படவேண்டியது ஆயில் மாற்றும் வேளை. பழைய ஆயிலை வடியவிட்டு, சாப்பிடப் போய் வந்து நிதானமாகப் புது ஆயில் ஊற்றினால், ஆயில் பம்புக்குள் காற்று புகுந்துவிடலாம். பிறகு பம்ப் ஆயிலை உறிஞ்சாது; இன்ஜின் வறண்டு ஓடும். பத்து நிமிடத்துக்குள் அடைப்பானைப் பூட்டி ஆயில் ஊற்றிவிடவேண்டும். இது தெரியாத பட்டறையில் சர்வீஸ் பார்த்த ரேஞ்சர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஆபத்துதான். இன்னொன்று ஈஜிஆர் கூலர், இன்ஜினுக்கே திரும்பும் புகையைக் கூலன்டால் குளிர்விக்கும் பாகம். கீழே ஒரு சொட்டும் சிந்தாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், அது உள்ளே கசிகிறது என்று பொருள்.

மலிவாகக் கிடைக்கும் மற்ற இரண்டைப் பற்றியும் சுருக்கமாக. மிட்சுபிஷி எல்-200 2.5: டைமிங் பெல்ட்டும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டும் சேர்த்து மாற்றினால் உழைக்கும். நிசான் நவாரா டி40: டைமிங் செயின் தளர்வதும், துருப்பிடித்த சேசிஸ் கேபினுக்குப் பின்னால் முறிவதும் பேர்போனவை. கழிப்பதே உத்தமம்.

சேசிஸை எந்த வண்டியிலும் இப்படிப் பாருங்கள். பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை நோக்குங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கவேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், பின்பாரத்தில் சேசிஸ் வளைந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டையோடு காற்றுப் பை சேர்த்த வண்டிகளில் இதை இருமுறை பார்க்கவேண்டும். பை தாங்கும் சுமை சேசிஸில் ஒரே புள்ளியில் போய் அழுத்துகிறது. பிறகு அடியில் படுத்து, ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றிப் புது வெல்டிங்கோ புதுக் கறுப்புப் பெயின்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்றும் ஒரே நிலையில் கிடைத்தால் மேனுவல் கியர் டி-மேக்ஸை எடுக்கலாம். வாஷர் மாற்றிய பில்லோடு வரும் ஹைலக்ஸ் அதற்குச் சமம். பில் இல்லாத ஹைலக்ஸ், பெயருக்காக அதிக விலை கொடுக்கத் தகாதது. ரேஞ்சர், டிரெய்லர் இழுப்பவருக்கு மட்டும், அதுவும் முழு சர்வீஸ் கணக்கோடு. 2015-க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ் 2.8-இல் டைமிங் செயின் இருக்கிறது. ஆனால் புகைக்கரி வடிகட்டி பொருத்திய ஆரம்ப வருட வண்டிகளில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை உண்டு. குறுகிய தூர ஓட்டமும் நின்ற இடத்தில் ஐடிலிங்குமாக நாள் போகும் வேலைக்கு அது ஒத்துவராது, கரி எரிந்து தீரும் அளவுக்குச் சூடு ஏறாது.

எதை வாங்கினாலும் முதல் லோடு ஏற்றுவதற்குள் இன்ஜின் ஆயில், டீசல் ஃபில்டர், கியர்பாக்ஸ் ஆயில், முன்பின் டிஃபரன்ஷியல் ஆயில் நான்கையும் மாற்றுங்கள். ஹைலக்ஸ் என்றால் அன்றே சம்பையும் இறக்கிச் சல்லடையைக் கண்ணால் பாருங்கள்.