பெரியவங்களுக்கு லோ பிரஷர்: உப்புத் தண்ணியா, பெல்ட்டா, மாத்திரையா, இல்ல இருக்குற மாத்திரைய குறைக்கிறதா?

ரங்கூன்ல நம்ம ஆளுங்க வீட்டுல வயசானவங்களுக்கு தலை சுத்துதுன்னு தெரிஞ்சா போதும், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க. பெரியம்மா எலுமிச்சம்பழத்துல உப்பு போட்டுக் குடுங்குறாங்க, பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா தண்ணில கரைச்சுக் குடிக்கிற ராயல் டி உப்புச்சத்து பாக்கெட்ட கொண்டாந்து வச்சிட்டுப் போறாங்க, சென்னையில இருக்குற சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல பீட்ரூட் ஜூஸ்ங்குறாங்க, மருந்துக்கடையில பிரஷர் ஏத்துற மாத்திரையே இருக்குன்னு சொல்றாங்க. எங்க அப்பாவ பாத்துக்குறதுல இது ஒவ்வொண்ணையும் யோசிக்க வேண்டி வந்துச்சு. என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன், புதுசா எதையும் சேர்க்குறதுக்கு முன்னாடி ஏற்கனவே உள்ள போய்க்கிட்டு இருக்குறத பாருங்க.

அதுக்கும் முன்னாடி அளக்குறது. பொதுவா 90/60க்கு கீழ போனா லோ பிரஷர்ங்குறாங்க, ஆனா சில பேருக்கு வாழ்நாள் பூரா 95 தான் இருக்கும், ஒரு தொந்தரவும் இருக்காது, அவங்களுக்கு வைத்தியமே தேவையில்ல. பெரியவங்களுக்கு ஆபத்து பெரும்பாலும் எந்திரிச்சு நிக்கும்போது தான் வருது, நாற்காலியில உக்காத்தி வச்சு ஒரு தடவ பாத்தா அது தெரியவே தெரியாது. 5 நிமிஷம் படுக்க வச்சு ஒரு தடவ எடுங்க, நிக்க வச்சு 1 நிமிஷத்துல ஒரு தடவ, 3 நிமிஷத்துல ஒரு தடவ. மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 குறைஞ்சா, நின்னா விழுற பிரஷர்னு அர்த்தம். பக்கத்துல ஒரு ஆள் புடிச்சிக்க நிக்கணும். மணிக்கட்டுல கட்டுற மிஷின விட மேல் கையில கட்டுறது நம்பகமானது, கரண்ட் போறதும் வர்றதுமா இருக்குற ஊர்ல பேட்டரில ஓடுறதா பாத்து வாங்குங்க.

இப்ப மாத்திரை விஷயம், நான் அதிகமா சொல்ல நினைக்கிறது இத தான். வீட்டுல இருக்குற எல்லா மாத்திரையையும் ஒரு தட்டுல கொட்டிப் பாருங்க. பிரஷருக்கு அம்லோடிபின், கால் வீக்கத்துக்கு மூத்திரம் போற மாத்திரை, ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் இல்ல பிரசோசின், நெஞ்சு வலிக்கு நைட்ரேட், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு லெவோடோபா. இதுல எதுவுமே தப்பான மருந்து இல்ல, ஆனா ஒவ்வொண்ணும் பிரஷர கொஞ்சம் இறக்கும், ரெண்டு மூணு சேர்ந்தா நிக்கும்போது ஆள சாய்ச்சிடும். நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, இந்தியாவுல செஞ்சதும் தாய்லாந்துல செஞ்சதும் பக்கத்துல பக்கத்துல விக்குது, அட்டையில பேரு வேற உள்ள இருக்குற மருந்து ஒண்ணு, ஒரு கிளினிக்ல ஒண்ணும் இன்னொரு கிளினிக்ல இன்னொண்ணும் எழுதிக் குடுத்தா பெரியவங்க ரெண்டையும் முழுங்கிடுவாங்க.

அதவிட கவலையானது பேரே இல்லாம சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்துல கலந்து குடுக்குற மருந்து. மூட்டு வலிக்குன்னு வாங்கி பல மாசமா சாப்பிடுவாங்க. அதுக்குள்ள வலி மாத்திரை இருந்தா வயித்துல புண்ணாகி கண்ணுக்குத் தெரியாம ரத்தம் போகலாம், ஸ்டீராய்டு இருந்து திடீர்னு நிறுத்தினா அதனாலயே பிரஷர் கடகடன்னு இறங்கலாம். இந்தப் பொட்டலத்தையும் மறைக்காம டாக்டர்கிட்ட கொண்டுபோய் காட்டுங்க. சயாமா, அதான் டாக்டரம்மா, திட்டுவாங்கன்னு வீட்டுலயே வச்சிட்டுப் போகாதீங்க.

ஆனா குறைக்கிறதுன்னா நாமளா நிறுத்துறது இல்ல. அடெனோலால், பிசோப்ரோலால் மாதிரி மாத்திரைய சட்டுன்னு நிறுத்தினா இதயத்துக்கு ஆபத்து. நின்னா குறையுற பிரஷர் படுத்தா 160, 170னு ஏறுற ஆளுங்களும் இருக்காங்க, அவங்களுக்கு எல்லாத்தையும் நிறுத்தினா வேற பக்கம் வில்லங்கம் ஆயிடும். டாக்டர் டோஸ குறைப்பாங்க, வேற மருந்துக்கு மாத்துவாங்க, இல்ல நேரத்த மாத்துவாங்க. படுத்து, நின்னு எடுத்த நம்பர் ஒரு தாள்ல இருந்தா அவங்களுக்கு முடிவெடுக்க சுலபம்.

உப்புத் தண்ணிக்கும் ராயல் டிக்கும் வருவோம். தண்ணி குறைஞ்சதால இறங்குன பிரஷர்னா இது நல்லாவே கேக்கும், வயித்துப்போக்கு, வாந்தி, சித்திரை வெயில்ல வியர்வை, இதெல்லாம். 2024 ஏப்ரல்ல மக்வே பக்கம் சௌக்ங்குற ஊர்ல 48.2 டிகிரி அடிச்சது ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி நாள்ல வயசானவங்களுக்கு தாகமே சரியா எடுக்காது, நாம தான் கேட்டு கேட்டு குடுக்கணும். வயித்துப்போக்குன்னா ஓஆர்எஸ் பாக்கெட் தான் சரி, 1 லிட்டர் பாக்கெட்ட 1 லிட்டர்லயே கரைக்கணும், ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடுக்கக்கூடாது. மத்தபடி தினமும் உப்புக் கூட்டுறது எனக்கு சம்மதமில்ல. ஙப்பிங்குற மீன் விழுதும் மீன் சாஸும் கருவாடும் சாப்பிடுற ஊர்ல யாருக்குங்க உப்பு குறைச்சல்? இதயம் வீங்கினவங்களுக்கும் கிட்னி கெட்டவங்களுக்கும் அந்த உப்பு மூச்சு திணற வச்சிடும். ஓஆர்எஸ்ல பொட்டாசியமும் இருக்கு, கிட்னி தகராறு இருக்குறவங்க, லோசார்டன், எனலாபிரில் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க கேக்காம தினசரி குடிக்கக்கூடாது, சர்க்கரைக்காரங்க அதுல இருக்குற குளுக்கோஸையும் கணக்குல வைக்கணும். வெறும் தண்ணியே பெரிய மருந்து. காலையில எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் தண்ணிய மடமடன்னு குடிச்சா நிக்குறப்ப விழுற பிரஷர் சில பேருக்கு கொஞ்ச நேரம் தாங்கும், தண்ணி அளவா குடிங்கன்னு டாக்டர் சொன்னவங்க மட்டும் இத செய்யாதீங்க.

பீட்ரூட் வேண்டாம், அது பிரஷர இறக்குற காய், ஆள் தெரியாம அனுப்புறாங்க. அதிமதுரம் உண்மையிலேயே பிரஷர ஏத்தும், ஆனா பொட்டாசியத்த இழுத்துக்கிட்டுப் போயிடும், மூத்திர மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் தான் தலை சுத்துதுன்னா அது தனிக் கேசு. நிறைய சோறு உள்ள போனதும் ரத்தம் வயித்துப் பக்கம் போயிடுது, ரெண்டு மணி நேரம் வரைக்கும் பிரஷர் இறங்கியே இருக்கலாம். இதுக்கு டீக்கடையில லபெயே, அதான் பால் டீ, வாங்கிக் குடுக்குறத விட சோத்த குறைச்சு நாலஞ்சு வேளையா பிரிச்சுக் குடுக்குறது மேல். காப்பி, டீ கொஞ்ச நேரத்துக்கு ஏத்தும் தான், ஆனா சாயங்காலத்துக்கு மேல குடிச்சா தூக்கம் போயி ராத்திரி கக்கூஸுக்கு எந்திரிக்கிறது கூடும், பெரியவங்க விழுறது அங்க தான்.

ரப்பர் சாக்ஸா வயித்து பெல்ட்டான்னு கேட்டா நான் பெல்ட் பக்கம். முழங்கால் வரைக்கும் போடுற சாக்ஸ்ல பெருசா பலன் இல்ல, ரத்தம் தேங்குறது தொடையிலயும் வயித்துலயும் தான், இடுப்பு வரைக்கும் போடுற இறுக்கமான சாக்ஸ நம்ம புழுக்கத்துல யாரு போட்டுக்குவா, வயசானவங்க கையால அத இழுத்து ஏத்தவும் முடியாது. பிரசவம் ஆனவங்க கட்டுற மாதிரி வயித்து பெல்ட், எந்திரிக்கிறதுக்கு முன்னாடி கட்டி, படுக்கும்போது கழட்டிடணும், அவ்வளவு தான். அப்பா இப்ப எந்திரிக்கிற விதமே வேற. கட்டில் ஓரத்துல உக்காந்து பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுவார், கைலி முடிச்ச இறுக்கிக்குவார், கம்பிய புடிச்சு நின்னதும் காலோட கால பின்னி தொடைய ஒரு இறுக்கு இறுக்கிட்டு தான் முதல் அடி வைப்பார். காசு செலவில்லாதது இது, பாய்ல படுக்குறவங்களுக்கு இன்னும் அவசியம், தரையிலேர்ந்து நேரா நிக்குறது ரொம்ப தூரம். படுத்தா பிரஷர் ஏறுறவங்களுக்கு, கட்டில்னா தலை மாட்டுக் கால் ரெண்டுக்கும் செங்கல் வச்சு உயர்த்தலாம், தலகாணிய அடுக்குறது அதுக்கு ஈடு இல்ல, கழுத்து தான் மடங்கும்.

பிரஷர் ஏத்துற மாத்திரை கடைசி தான், மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன்னு ரெண்டு இருக்கு. மிடோட்ரின் சாப்பிட்டா 4 மணி நேரம் படுக்கக்கூடாது, படுத்தா பிரஷர் மேல போயிடும். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் உடம்புல உப்பையும் தண்ணியையும் புடிச்சு வைக்கும், கால் வீங்கும், பொட்டாசியம் குறையும், ரத்த டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும். மத்த எல்லாம் செஞ்சும் நிக்கவே முடியலங்குறவங்களுக்கு இது வரப்பிரசாதம், ஆனா நாமளா கடையில கேட்டு வாங்கிப் போடுற விஷயம் கிடையாது.

மலம் தார் மாதிரி கருப்பா போகுது, நெஞ்சு வலி, காய்ச்சலோட புத்தி தடுமாறுது, வாய் கோணுது பேச்சு குழறுது, விழுந்து தலையில அடி, இதுல எது இருந்தாலும் எந்த வீட்டு வைத்தியத்தையும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, மயக்கத்துல இருக்குறவங்க வாயில தண்ணி ஊத்தாம, கிடைக்கிற வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோயிடுங்க.