ஒரே குழாய் ரத்தத்துக்கு இரண்டு தடவை காசு: மருத்துவமனை பில்லை வரிவரியாகப் பாருங்கள்

நேற்று மாலைதான் அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை என்ற பெயரில் எங்களிடம் 14,740 ரூபாயைக் கூடுதலாக வாங்கிவிட்டது.

அப்பாவுக்கு 74 வயது. சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர். போன வாரம் திடீரென்று நினைவு தடுமாறி, இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினோம். 135க்குக் குறையக் கூடாத சோடியம் 118இல் இருந்தது. "உப்பை வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து. மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்போம்" என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது உண்மை, வைத்தியத்தில் நான் குறை சொல்லவில்லை. அப்பா தெளிந்துவிட்டார். அந்த நம்பிக்கையில்தான் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஆகும் என்று கேட்காமல் இருந்தேன். "எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுங்கள் சிஸ்டர்" என்று நானே சொன்னேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

ரப்பர் ஷீட் விற்று வைத்திருந்த பணத்தை எண்ணிக் கட்டிவிட்டு வந்தோம். இரவு அந்தப் பில்லைப் படம் எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினேன். சென்னையில் அமெரிக்க மருத்துவமனை பில்களுக்குக் கோடிங் செய்கிறவள், அதாவது ஒவ்வொரு பரிசோதனைக்கும் உரிய எண்ணைப் போடுகிற வேலை. பத்து நிமிடத்தில் அழைத்தாள். "மாமா, ஒரே பரிசோதனையை இரண்டு தடவை போட்டிருக்கிறார்களே!"

சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் நான்கும் சேர்ந்ததுதான் எலக்ட்ரோலைட் பேனல். அமெரிக்காவில் அதற்கு 80051 என்று ஒரே கோடு எண். அதைப் போட்ட பிறகு சோடியத்துக்கு 84295, பொட்டாசியத்துக்கு 84132 என்று தனித்தனியாகவும் பணம் கேட்க முடியாதாம். அந்தக் கோடெல்லாம் இங்கே கிடையாது, தெரியும். அதற்காக ஒரே பொருளுக்கு இரண்டு தடவை காசு வாங்குவது இங்கே மட்டும் சரியாகிவிடுமா?

பில்லில் 'எலக்ட்ரோலைட்ஸ் 650' என்று ஒரு வரி. அதற்குக் கீழே அதே நான்கும் தலைக்கு 240 வீதம், 960 ரூபாய். இப்படி 14 தடவை. கையில் இருக்கும் ரிப்போர்ட் 12தான். அந்தப் பன்னிரண்டிலும் இரட்டிப்பாகப் போட்டது 11,520 ரூபாய், ரிப்போர்ட்டே இல்லாத இரண்டுக்கு 3,220 ரூபாய். மொத்தம் 14,740.

இன்று காலை போய்க் கேட்டேன். கவுண்ட்டரில், "கம்ப்யூட்டர் போடுகிற பில், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." லேபில், "ரேட் விஷயம் எங்களுக்குத் தெரியாது." அந்த இரண்டு ரிப்போர்ட் எங்கே என்று விடாமல் கேட்டதும், எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்துவிட்டதால் மறுபடி எடுத்தோம் என்றார்கள். அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும், திரும்ப எடுத்தது சரிதான். ஆனால் கெட்டுப்போன ரத்தத்துக்கும் நானா காசு கொடுப்பது? ஒரே நாளில் திரும்பச் செய்த பரிசோதனைக்கு அமெரிக்காவில் 91 என்ற குறியைச் சேர்த்துப் பணம் கேட்கலாமாம். சாம்பிள் கெட்டதால் திரும்பச் செய்தால் அந்தக் குறியைப் போடக் கூடாதாம். அப்பாவின் இரண்டு முழங்கை மடிப்பிலும் நீலம் பாய்ந்து கிடக்கிறது. அந்தக் குத்துகளில் இரண்டு வீண்.

கடைசியில் மேலாளர் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையே, பிறகு எதற்கு இந்த விவரமெல்லாம்?" சொந்தக் காசைக் கட்டியவன் கணக்குக் கேட்கக் கூடாதா? திங்கட்கிழமை ஃபோன் செய்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மொத்தத் தொகை மட்டும் உள்ள பில்லை வாங்காதீர்கள், இனம் பிரித்துக் கேளுங்கள். ரிப்போர்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். எலக்ட்ரோலைட்ஸ் என்று ஒரு வரி இருந்து, சோடியமும் பொட்டாசியமும் தனியாகவும் இருந்தால் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கட்டிய பிறகு எவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

திங்கட்கிழமை அழைப்பு வராவிட்டால் 12 ரிப்போர்ட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 14,740 ரூபாயை விடப்போவதில்லை.