சென்னையிலிருந்து நெல்லைக்கு: வாகைகுளமா, மதுரையா, திருவனந்தபுரமா?

திருநெல்வேலிக்கென்று விமான நிலையம் இல்லை. அக்கம்பக்கத்தில் மூன்று உண்டு. மீனம்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மதுரை ஏறக்குறைய 420 கி.மீ., தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளம் 525, திருவனந்தபுரம் 610. இந்த எண்களை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டால் கணக்கு தப்பும்.

முதலில் பறக்கும் நேரம். மணிக்கு 500 கி.மீ. போகும் ஏ.டி.ஆர். (விசிறி சுழலும் சிறிய விமானம்) மதுரைக்கு ஐம்பது நிமிடத்தில் போய்விட வேண்டும். ஆனால் அட்டவணையில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் என்றிருக்கும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது தொடங்கி, இறங்கிய ஊரில் போய் நிற்பது வரை அட்டவணைக் கணக்கில் சேரும். காற்றின் போக்கால் கடலைப் பார்த்து மேலேறினால், தெற்கே திரும்பவும் சில நிமிடம் போகும். ஜெட் விமானத்தின் வேகம் 800-க்கு மேல்தான். ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிவதால், மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம்.

உண்மையான வித்தியாசம் தரையில்தான். வாகைகுளத்திலிருந்து நெல்லை சுமார் 30 கி.மீ., நான்குவழிச் சாலையில் முக்கால் மணி நேரம். மதுரையிலிருந்து 150 கி.மீ.; விருதுநகர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகக் காரில் இரண்டரை மணி நேரம். பஸ் என்றால் இன்னும் இழுக்கும். தெற்கே போக வேண்டியவர் முதலில் வடக்கே மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போய் ஏற வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்தும் ஏறத்தாழ இதே தூரம்தான், ஆனால் நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர் ஊராக நெரிசல். மூன்றரை மணிக்குக் குறையாது. டாக்சிக்காரர் மாநில பெர்மிட்டையும் வாடகையில் ஏற்றுவார்.

வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி, அங்கே ஒன்றரை மணி, இறங்கிப் பெட்டி எடுக்க இருபது நிமிடம் என்று வைத்தால், வாகைகுளம் வழி 5 மணி நேரம், மதுரை வழி ஆறே முக்கால், திருவனந்தபுரம் வழி 8. எழும்பூரில் பிற்பகல் கிளம்பும் வந்தே பாரத் ஓடும் நேரம் மட்டுமே 7 மணி 50 நிமிடம்.

அப்படியானால் எப்போதும் வாகைகுளம்தானா? அங்கே சேவைகள் குறைவு. ஒரு விமானம் ரத்தானால் அன்றே மாற்று கிடைப்பது சிரமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்யாணத்துக்கோ தேர்வுக்கோ போகிறவர்களுக்கு மதுரைதான் நிம்மதி. வாகைகுளத்தின் பழைய ஓடுதளம் 1,350 மீட்டர்தான் என்பதால் ஏ.டி.ஆர். போன்ற சிறிய விசிறி விமானங்களே இறங்கின. 2025 ஜூலையில் திறந்த விரிவாக்கத்தில் அது 3,115 மீட்டராகிவிட்டது. ஆனாலும் டிக்கெட்டில் ஏ.டி.ஆர். என்றிருந்தால் பெரிய சக்கரப் பெட்டியைக் கையோடு கொண்டுபோகாதீர்கள். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது, வாசலிலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள்.

மார்த்தாண்டம், தக்கலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம்.