லோடும் ஏற்றணும், வீட்டுக்கும் ஓட்டணும்: பழைய கேம்பர் எப்படி?

தென்னந்தோப்பு வேலை, மாட்டுத்தீவனம், வாரச் சந்தை, நடுவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, உறவுக்காரர் வீட்டு விசேஷம், எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி வேண்டும், அதுவும் செகண்ட் ஹேண்டில் வேண்டும் என்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் மஹிந்திரா பொலேரோ கேம்பரைத்தான் முதலில் சொல்வார்கள். நான் ஓட்டுவதும் அதேதான், முந்தைய புகை விதிப்படி வந்த பிஎஸ்4 மாடல். நல்ல வண்டி. ஆனால் "கார் மாதிரி இருக்கும்" என்று புரோக்கர் ஆரம்பித்தால் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

2523 சிசி, நாலு சிலிண்டர் டீசல். குறைந்த வேகத்திலேயே இழுவை வந்துவிடும், தோப்புக்குள் மண்பாதையில் லோடோடு ஏறும்போது அதன் அருமை தெரியும். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை சீட், டிரைவரோடு ஐந்து பேர், பின்னால் ஒரு டன் லோடு. எந்த ஊரில் நின்றாலும் இந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஒருவர் இருப்பார், சாமானும் கிடைக்கும். பழைய வண்டி வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறென்ன?

தினசரி ஓட்டத்துக்கு வந்தால்தான் கதை மாறும். பின்னால் இருப்பது ஒரு டன்னைத் தாங்குவதற்காக இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். லோடு இருந்தால் வண்டி அமைதியாகப் போகும், காலியாக ஓட்டினால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் தூக்கிப் போடும். பின் சீட்டின் சாய்மானம் நேராக நிற்கும், கோயம்புத்தூர் வரை சரி, மதுரை வரை பெரியவர்களை அதில் உட்கார வைத்துப் போனால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். மழையில் இன்னும் கவனம் வேண்டும், இழுவை பின் சக்கரத்தில், எடையோ முன்னால், வளைவில் பிரேக் அழுத்தினால் வால் வழுக்கப் பார்க்கும். காலியாக ஓடும் நாளில் இரண்டு மணல் மூட்டையைப் பின் சக்கரத்துக்கு நேர் மேலே போட்டுக் கட்டிவிடுவது என் பழக்கம். பைபாஸில் 80-க்கு மேல் போகாது, வேகக் கட்டுப்பாடு உண்டு. ஏசி எல்லா மாடலிலும் கிடையாது, கேட்டு வாங்குங்கள்.

மற்ற வண்டிகளையும் சொல்லிவிடுகிறேன். குட்டி யானை, அதாவது 2005-ல் வந்த டாடா ஏஸ், ஊருக்குள் முக்கால் டன் அடிக்க அதுபோல வேறில்லை, ஆனால் இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பைபாஸ் ஏறுகிற வண்டி இல்லை. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் தாங்கும், ஓட்டவும் சுகம், ஆனால் முன்னால் ஒரே வரிசை. ஈசூஸு வி-கிராஸ் 2016-லிருந்து இங்கே ஓடுகிறது, முதலில் வந்தது 2.5 லிட்டர், 320 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), ஓட்டினால் மனசு அங்கேயே நின்றுவிடும். ஆனால் நீளம் 5.3 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, லோடு வைக்கிற இடமோ ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான், பழசுக்கும் விலை இறங்குவதில்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும் நாலு மூட்டை ஏற்றுகிறவருக்கு அது சரி.

வி-கிராஸின் பெரிய லாபம் வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டியாகப் பதிவாகும். கேம்பர் சரக்கு வண்டிக்கான மஞ்சள் போர்டு, செலவுக் கணக்கே வேறு. 2022-ல் அறிவித்த விகிதப்படி 7500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வருஷத்துக்கு 16,049 ரூபாய், 1500 சிசிக்கு மேற்பட்ட சொந்தக் காருக்கு 7,897. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று), அப்புறம் வருஷா வருஷம். ஒன்பது வயது வண்டி மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் வேண்டாம், ஆகவே கேம்பரை விட்டுப் பெரிய பிக்கப்புக்குப் போகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை எவ்வளவு என்று தேடிப் படியுங்கள். லைசென்ஸ் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள், 7500 கிலோ வரை சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்துவிட்டது.

இனி முக்கியமான விஷயம். கிலோமீட்டர் மீட்டரை மறந்துவிட்டு, இந்த வண்டி இதுவரை எதை ஏற்றியது என்று விசாரியுங்கள். கடற்கரைப் பக்கம் மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் அடிச்சட்டமான சேஸுக்குள் இறங்கியிருக்கும், மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் குத்தினால் உதிரும். பல்லடம் பக்கம் கோழி ஏற்றியதென்றால் எச்சம் தகட்டை அரித்திருக்கும். எம்-சாண்ட், ஜல்லி அடித்த வண்டி கண்டிப்பாக ஓவர்லோடு பார்த்திருக்கும், ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருந்தால் அதுவே சாட்சி, பட்டைகளை எண்ணிப் பாருங்கள். பூவும் காய்கறியும் ஏற்றிய வண்டி, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கம் ஓடியது, எடையால் அடிபட்டிருக்காது, ஆனால் ராத்திரி முழுக்க விரட்டியிருப்பார்கள், இன்ஜினையும் கிளட்சையும் சந்தேகப்படுங்கள். எனக்குப் பிடித்தது விவசாயி கையிலிருந்த வண்டி, அழுக்காகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பார்க்கப் போகும்போது காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. கேபினுக்குப் பின்னால் சேஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது வேகம் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டால் பின்னாலிருந்து ஊளை கேட்கிறதா என்று கவனியுங்கள், கேட்டால் பின் அச்சிலிருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரச் செலவு காத்திருக்கிறது. லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்க விடாத ஆளிடம் வாங்காதீர்கள், அரை டன் ஏற்றி ஒரு மேடு ஏறினால் காலி வண்டியில் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

காகித விஷயத்தில், அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள், சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். லோன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, ஆர்.சி.யிலிருந்து லோனை நீக்க ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட 35-ஆம் படிவம் கைக்கு வந்த பிறகே முழுப்பணம். 29, 30 படிவங்களில் கையெழுத்தான உடனே பேர் மாற்றக் கொடுத்துவிடுங்கள், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.