முதல் பிளேன், அதுவும் பழைய பிளேன்: 1979 செஸ்னா 152

பிளேன் வாங்கியிருக்கிறோம் என்றதும் எல்லாரும் கேட்பது "என்ன விலை?" அதை இங்கே எழுதமாட்டேன், வீட்டிலும் வாசிக்கிறார்கள். வெள்ளவத்தையில் இரண்டு அறை அபார்ட்மென்ட் ஒன்றின் விலையை விட நன்றாகக் குறைவு, புதிதாக இறக்கின ஜப்பான் ஜீப் ஒன்றின் விலைக்குக் கிட்ட என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மூன்று பேர் பங்கு போட்டோம்: நான், சித்தப்பாவின் மகன் (எனக்குத் தம்பி), அவனோடு படித்த ஒரு பல் டொக்டர். மூவருக்கும் லைசன்ஸ் இருந்தது, மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தது, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் ஒன்று விலைக்கு நிற்கிறது என்று காதில் விழுந்ததும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி கலங்கிவிட்டது. இப்போது இரண்டு வருடமாகிறது. முதல் பிளேன் வாங்க யோசிக்கிறவர்களுக்கு இது உதவலாம், யோசிக்காதவர்களுக்குப் பொழுதுபோகும்.

152 இரண்டு பேர் இருக்கிற சின்னப் பிளேன். மேலே இறக்கை, மூக்கில் ஒரு லைக்கோமிங் எஞ்சின், 110 குதிரைவலு. 1977 முதல் 1985 வரை செய்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஆகவே எந்த 152ஐ வாங்கினாலும் அது உங்களுக்கு அண்ணை முறை, வயதைப் பொறுத்துச் சித்தப்பா முறையும் ஆகலாம். பறக்கப் பழக்குவதற்கென்றே செய்தது, அதனால் சந்தைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை எத்தனையோ புதுப்பழக்கக்காரர் தொப்புத் தொப்பென்று இறக்கின பிளேன்கள். எங்களுடையதும் அப்படித்தான்.

விற்றவர் மரியாதையான ஆள், இளநீர் வெட்டித் தந்தார். பெயின்ற் பளபளத்தது. நானும் தம்பியும் உள்ளே ஏறி இருந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் கூட்டிப்போன எஞ்சினியர் பிளேனைத் திரும்பியும் பார்க்கவில்லை. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற சிங்கள மனுஷன், எங்களை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். எவ்வளவு பறந்தது, என்ன திருத்தினது என்று எழுதிவைக்கிற லொக் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, இறக்கையின் நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்து, இரண்டு மணித்தியாலம் வாசித்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி ஒவ்வொரு பக்கமாக. நடுவில் ஒரே ஒரு கேள்வி: "முதலாவது புத்தகம் எங்கே?" வெள்ளத்தில் போய்விட்டது என்றார் விற்றவர். சரி, போயிருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்தோடு முதல் பன்னிரண்டு வருடச் சரித்திரமும் போய்விட்டது, அந்தக் காலத்தில் பிளேன் எங்கே நின்றது, எதில் இடித்தது என்பதற்கு இனி ஒருவரும் சாட்சி இல்லை. இரண்டாவது புத்தகத்தின் முதல் பக்கத்தில் பழைய மொத்த மணிக்கணக்கை ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார், அதை நம்பித்தான் தொடர்ந்து கதைத்தோம்.

பிறகுதான் டோர்ச்சையும் குச்சியில் பூட்டின சின்னக் கண்ணாடியையும் எடுத்தார் (பல் டொக்டருக்கு முகம் மலர்ந்தது). நேரே போனது எஞ்சினுக்கும் எங்கள் கால்களுக்கும் நடுவில் இருக்கிற தகட்டுக்கு. முன் சில்லின் கால் அந்தத் தகட்டின் அடியில்தான் வந்து பூட்டுகிறது. மூக்குக் குத்தி இறக்கினால் அடி முழுக்க அங்கேதான் விழும். என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார்: மேலே வழுவழு, கீழே வர ஒரு மெல்லிய அலை, ஒடுங்கின தகரப்பேணியைத் தட்டி நிமிர்த்தினால் வருமே, அந்த அலை. ஆணித்தலைகளைப் பார்த்தால் ஒரு வரிசை பழசு, ஒரு வரிசை புதுசு. ஆரோ திருத்தியிருக்கிறார்கள், இருக்கிற புத்தகம் ஒன்றிலும் அந்தத் திருத்தம் இல்லை. விற்றவர் தனக்குத் தெரியாது என்றார், அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த விரலளவு அலைதான் விலையை இறக்கினது, எஞ்சினியருக்குக் கொடுத்த காசைப் போல எத்தனையோ மடங்கு மிஞ்சினது. விற்கிறவருடைய எஞ்சினியரை வைத்துப் பார்ப்பிக்கிறோம் என்று யாராவது சொன்னால் நான் அங்கேயே எழும்பி வந்துவிடுவேன்.

அடுத்தது ஆசனத் தண்டவாளம். சின்ன செஸ்னாக்களில் ஆசனம் தரையில் இருக்கிற தண்டவாளத்தில் முன்னுக்குப் பின்னுக்கு ஓடும், ஒரு ஊசி துளைக்குள் விழுந்து அதை நிறுத்தும். வருடக்கணக்கில் துளை தேய்ந்து நீளமானால் ஊசி நழுவும். எப்போது நழுவும் என்றால், மூக்கைத் தூக்கி ஏறுகிற நேரத்தில்தான். பைலட் ஆசனத்தோடு பின்னால் போவார், கையில் பிடித்த யோக்கும் (பிளேனின் ஸ்டியரிங்) கூடவே வரும். ஆட்கள் இதில் இறந்திருக்கிறார்கள், அதனால் அமெரிக்காவில் இதைப் பரிசோதிப்பதைச் சட்டமாகவே போட்டார்கள். எங்களுடையதில் துளைகள் முட்டை வடிவமாக இருந்தன. மாற்றினோம்.

எஞ்சின் மணிக்கணக்கு விஷயம்தான் எனக்குப் புதிய பாடம். இந்த எஞ்சினை 2,400 மணிக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிப் பூட்டவேண்டும் என்பது செய்தவர்களின் கணக்கு. எங்களுடையது 1,500 ஓடியிருந்தது, ஆகவே 900 மிச்சம் என்று விற்றவர் விலை சொன்னார். ஆனால் அதே ஆட்கள் 12 வருடம் என்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், எது முந்துகிறதோ அதுதான். கழற்றிப் பூட்டி அப்போதே ஒன்பது வருடம். நாங்கள் மூன்று பேரும் முண்டியடித்துப் பறந்தாலும் வருடத்துக்கு 150 மணி தாண்டாது. அப்படிப் பார்த்தால் 450 மணிக்குக் காசு கொடுத்தால் போதும், 900க்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்றார் எஞ்சினியர். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கணக்கில் எல்லாரும் 'ஏ' எடுத்தவர்கள்.

பெற்றோல் மணிக்கு 22, 23 லீற்றர் குடிக்கும். பெற்றோல் ஷெட்டில் அடிக்கிற பெற்றோல் இல்லை, 100 ஒக்டேன் விமானப் பெற்றோல், நீல நிறம், விலையைக் கேட்டால் 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றதே பரவாயில்லை என்று தோன்றும். அதில் ஈயம் உண்டு. இந்த எஞ்சினுக்கு அந்த ஈயம் ஒத்துக்கொள்வதில்லை. இருக்கிற எட்டு பிளக்கில் கீழே இருக்கிற நான்கிலும் குண்டூசித் தலையளவு சாம்பல் மணிகள் சேரும். பறக்கமுன் எஞ்சினை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இரண்டு மக்னீட்டோவையும் மாறிமாறி நிறுத்திப் பார்ப்போம், சுற்று 125க்கு மேல் விழக்கூடாது. ஒரு நாள் 200 விழுந்து எஞ்சின் நாய்க்குட்டி போல உதறியது, திரும்பி வந்து பிளக் கழற்றி ஊசியால் கிண்டினோம். தரையில் ஓடும்போதே பெற்றோல்-காற்றுக் கலவையில் பெற்றோலைக் குறைத்து மெலிதாக்கி வைத்தால் இது பாதியாகக் குறையும், அதை ஒருவரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை.

இரத்மலானை நல்ல ஓடுபாதை, 1,800 மீற்றருக்கு மேல், 152க்கு அதில் கால்வாசி போதும். பிரச்சினை கடல். காலி வீதியைத் தாண்டினால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் உப்புக்காற்று. இந்தப் பிளேன்களுக்கு உள்பக்க அரிப்புத் தடுப்புப் பூச்சு அந்தக் காலத்தில் தனிக் காசுக்குத்தான், எங்களுடையதை வாங்கின முதல் ஆள் அந்தக் காசை மிச்சம் பிடித்திருக்கிறார். கம்பளத்தைத் தூக்கினால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, இடியப்ப மா சிந்தின மாதிரி. அதனால் ஹாங்கருக்குள் (பிளேன் நிறுத்துகிற கொட்டகை) இடம் கிடைக்காவிட்டால் இங்கே பிளேன் வாங்கவேண்டாம் என்பேன், வாடகை வலித்தாலும். இன்னொன்று, பறக்காமல் வைப்பது. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு மேல்பக்கம் இருக்கிறது, நின்றால் எண்ணெய் வடிந்து காய்ந்து துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை கையால் புரொப்பெலரைச் சுற்றிவிடு என்று சொல்ல பத்துப் பேர் வருவார்கள், கேட்காதீர்கள், அது மிச்சமிருக்கிற எண்ணெயையும் வழித்துவிடும். மேலே கொண்டுபோய் எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை பறப்பதுதான் மருந்து. வைகாசி தொடங்கி தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த மருந்தைக் கொடுக்க நாள் கிடைப்பதில்லை. மழைக்குப் பிறகு பெற்றோல் ராங்கின் அடியில் இருந்து கொஞ்சம் வடித்துப் பார்ப்பதை மட்டும் தவறவிட வேண்டாம்: நீலத்துக்குக் கீழே தண்ணீர் முத்து முத்தாக உருளுவதை ஒருமுறை கண்ணால் கண்டால் பிறகு மறக்கமாட்டீர்கள்.

எடை ஒரு பகிடி. அதிகபட்சம் 757 கிலோ. வெறும் பிளேனையும் ராங் நிறையப் பெற்றோலையும் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 160 கிலோ, அதற்குள் இரண்டு பேர், பை, தண்ணீர்ப் போத்தல். பல் டொக்டர் தனியாக 96. அவர் என்னோடு வருகிற நாளில் பெற்றோலைக் குறைக்கவேண்டும், தம்பியோடு வருகிற நாளில் இரவுக் கொத்துரொட்டியைக் குறைக்கவேண்டும். கொழும்பு வெயிலில் காற்று லேசாவதால் 31 பாகையில் தரையில் நிற்கும்போதே பிளேன் தன்னை இரண்டாயிரம் அடியில் நிற்பதாக நினைக்கும், ஏறுவதும் அந்தக் கணக்கில்தான். உள்ளே ஏசி கிடையாது, முழங்கை யன்னலுக்கு வெளியே.

இவ்வளவு புலம்பினாலும் விற்பேனா என்றால், இல்லை. ஐந்து மணிக்கு எழும்பிப் போய், காற்று எழும்பமுன் கிளம்பினால் வலப்பக்கம் கல்கிசை ஹோட்டல், கீழே கரையோரம் ஊர்கிற ரயில், இறக்கை மேலே இருப்பதால் ஒன்றும் மறைக்காது. அப்பாவை ஏற்றினேன், 58 கிலோ, எங்கள் மூவருக்கும் மிகவும் பிடித்த பயணி. அவர் இளந்தாரியாக இருந்தபோது எயர் சிலோனில் இதே இரத்மலானையில் ஏறி யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியவர். பிளேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு "இவ்வளவும்தானா?" என்றார். மேலே போனதும் களுத்துறை வரைக்கும் ஒன்றும் கதைக்கவில்லை. திரும்புகிறபோது, "இதில பலாலிக்குப் போகலாமோ?" என்று கேட்டார். நேர்கோட்டில் 330 கிலோமீற்றர், எங்கள் வேகத்துக்கு இரண்டு மணித்தியாலம், பெற்றோல் தாராளம், அனுமதிப் பேப்பர்தான் வேலை. போகலாம் அப்பா என்றேன்.

அந்த வாரம் அம்பியர் முள் இடப்பக்கம் சரிந்தது. பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கிற அல்டர்னேட்டர் போய்விட்டது. மக்னீட்டோவுக்கு பற்றரி தேவையில்லை, எஞ்சின் பாட்டுக்கு ஓடும், பயப்பட ஒன்றுமில்லை, ரேடியோவைச் சிக்கனமாகப் பாவித்து இறங்கினோம். கழற்றினதை வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோனான் தம்பி, சும்மா ஒரு நப்பாசை. கடை முதலாளி கையில் வாங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இது லொறிக்குப் போடுறது தானே தம்பி, என்னட்ட நாலு கிடக்கு." இருக்கும். பொருந்தியும் இருக்கும். ஆனால் விமானத்துக்கு உரியது என்று கையெழுத்திட்ட சான்றிதழ் ஒட்டாத சாமானை எங்கள் எஞ்சினியர் தொடமாட்டார், தொட்டால் லொக் புத்தகத்தில் எழுத முடியாது, எழுத முடியாவிட்டால் நாளைக்கு எங்களிடம் வாங்க வருகிறவர் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்து கேட்பார். ஆகவே அதே தோற்றமுள்ள, அதே பாரமுள்ள ஒன்று, பேப்பரோடு, அமெரிக்காவில் இருந்து டொலருக்கு வருகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி ஒன்பது நாள். கிளியரிங் ஆள் தினமும் "நாளைக்கு" என்கிறார். அப்பாவும் தினமும் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் "வந்திட்டுதோ?" என்கிறார்.